எந்தக் கப்பலுக்கு எந்தத் தளம்: துறைமுகத் திட்டமிடலில் கணித உகப்பாக்கம்

துறைமுகத்தின் கரைச்சுவரை ஒட்டிக் கப்பலைக் கட்டி நிறுத்திச் சரக்கை இறக்கவும் ஏற்றவும் ஒதுக்கப்பட்ட இடமே கப்பல் தளம். துறைமுகப் பணியாளர்கள் அதைப் பெர்த் என்றே சொல்வார்கள். ஒரு தளத்தைப் புதிதாகக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் தேவைப்படுவதால், வரும் கப்பல்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தளங்களை உடனுக்குடன் கூட்டிவிட முடியாது. ஆகவே, இருக்கும் தளங்களை எந்தக் கப்பலுக்கு, எந்த நேரத்திலிருந்து, எவ்வளவு நேரத்துக்குக் கொடுப்பது என்ற முடிவை ஒவ்வொரு துறைமுகமும் நாள்தோறும் எடுக்க வேண்டியிருக்கிறது. அம்முடிவு பிசகினால் ஒருபுறம் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கும், மறுபுறம் கிரேன்கள் வேலையின்றி நிற்கும். காத்துக்கிடக்கும் கப்பலுக்கும் நாள்வாடகையும் மாலுமிகளின் ஊதியமும் எரிபொருளும் செலவாகிக்கொண்டே இருக்கும்.

இம்முடிவைக் கணக்காக எழுதித் தீர்க்கும் முயற்சி, செயல்முறை ஆராய்ச்சி எனப்படும் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளாகத் தனிக்கிளையாக வளர்ந்து, 'தள ஒதுக்கீட்டுக் கணக்கு' என்ற பெயரைப் பெற்றுள்ளது. அக்கணக்கின் அமைப்பையும், அது எளிதாக இருக்கும் இடத்தையும், கடினமாகும் இடத்தையும் இவ்வுரை வரிசையாக விளக்குகிறது. அவற்றின் ஊடே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து ஒன்றுதான்: யாரைக் காக்க வைப்பது என்ற கேள்வியைக் கணிதம் தீர்த்துவைப்பதில்லை, அதுவரை சொல்லாமல் முடிவுசெய்யப்பட்டு வந்த அக்கேள்விக்கான விடையை எண்ணாக எழுதிக் காட்டும்படி துறைமுகத்தைக் கட்டாயப்படுத்துகிறது.

கணக்கின் உறுப்புகள்

எந்த உகப்பாக்கக் கணக்கும் மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலாவது, தீர்மான மாறிகள், அதாவது திட்டமிடுபவரின் கையில் உள்ள முடிவுகள். இங்கே அவை ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய தளமும் அதன் தொடக்க நேரமும் ஆகும். இரண்டாவது, மீறக்கூடாத கட்டுப்பாடுகள். கப்பலின் நீளம் தளத்தின் நீளத்துக்குள் அடங்க வேண்டும். கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவாகிய மிதவை ஆழத்தைவிடத் தளத்தின் ஆழம் போதிய அளவு கூடுதலாக இருக்க வேண்டும். வந்து சேராத கப்பலுக்கு வேலை தொடங்க இயலாது. ஒரே தளத்தில் ஒரே நேரத்தில் இரு கப்பல்கள் நிற்கவும் இயலாது. மூன்றாவது, குறிக்கோள் சார்பு, அதாவது எதைக் குறைக்க அல்லது கூட்ட விரும்புகிறோம் என்பதை ஒற்றை எண்ணாக மாற்றித் தரும் கோவை. பெரும்பாலான ஆய்வுகளில் அது கப்பல்கள் துறைமுகத்தில் கழிக்கும் மொத்த நேரம், அதாவது ஒவ்வொரு கப்பலின் காத்திருப்பு நேரத்தையும் சரக்கைக் கையாளும் நேரத்தையும் கூட்டி வரும் தொகை.

முதல் இரண்டு உறுப்புகளும் இயற்கையும் பொறியியலும் விதிப்பவை. ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 16 மீட்டர் மிதவை ஆழமும் கொண்ட இன்றைய மிகப்பெரிய பெட்டகக் கப்பலை 12 மீட்டர் ஆழமுள்ள தளத்தில் எவராலும் கட்ட முடியாது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மூன்றாவது உறுப்போ மனிதர் தேர்ந்துகொள்வது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரு கப்பல்களும் ஒரு தளமும்

மிகச் சிறிய கணக்கொன்றிலேயே இது புலப்படும். ஒரே தளத்துக்காக இரு கப்பல்கள் காத்து நிற்பதாகவும், பெரிய கப்பலைக் கையாள 20 மணி நேரமும் சிறிய கப்பலைக் கையாள 4 மணி நேரமும் ஆகும் என்றும் கொள்வோம். பெரியது முதலில் சென்றால் அது 20 மணி நேரத்தில் வேலை முடிந்து வெளியேறும், சிறியது 24 மணி நேரத்தில் வெளியேறும், கூட்டுத்தொகை 44. சிறியது முதலில் சென்றால் அது 4 மணி நேரத்தில் வெளியேற, பெரியது 24 மணி நேரத்தில் வெளியேறும்; கூட்டுத்தொகை 28. பெரிய கப்பல் 4 மணி நேரம் விட்டுக்கொடுத்ததால் சிறிய கப்பலுக்கு 20 மணி நேரம் மிச்சமாகிறது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

ஆனால் இக்கூட்டல், இரு கப்பல்களின் ஒரு மணி நேரமும் சமமான மதிப்புடையது என்று சொல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயிரக்கணக்கான பெட்டகங்களைச் சுமந்து கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் கப்பலின் ஒரு மணி நேரத்துக்கு, அருகிலுள்ள துறைமுகங்களுக்குச் சில நூறு பெட்டகங்களைக் கொண்டுசெல்லும் ஃபீடர் கப்பலின் ஒரு மணி நேரத்தைவிடக் கூடுதல் எடை தர வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். சிறிய கப்பலின் எடையை 1 என்று வைத்து, பெரியதன் எடையை உயர்த்திக்கொண்டே போனால், அது 5-ஐத் தாண்டும் வரை சிறியதை முதலில் விடுவதே உகந்தது. 5-ஐத் தாண்டியதும் வரிசை தலைகீழாகிறது. கையாளும் நேரங்களின் விகிதம் 20-க்கு 4, அதாவது 5 என்பதிலிருந்தே இவ்வெல்லை பிறக்கிறது. எடையைக் கையாளும் நேரத்தால் வகுத்து, ஈவு பெரிதாக வரும் பணியை முதலில் முடிக்க வேண்டும் என்னும் இவ்விதியை, ஒற்றை இயந்திரத்தில் பணிகளை வரிசைப்படுத்தும் கணக்குக்காக வெய்ன் ஸ்மித் 1956-இல் நிறுவினார். விதியை நிறுவுவது கணிதம். எடை 3 ஆக இருக்க வேண்டுமா 7 ஆக இருக்க வேண்டுமா என்பதைத் துறைமுகமே சொல்லியாக வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்கும் நிலை

எல்லாக் கப்பல்களும் ஏற்கெனவே வந்து வெளியே காத்திருக்கும் நிலைக்கு 'நிலைத்த தள ஒதுக்கீடு' என்று பெயர். ஒரு தளத்தில் மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து வேலை முடிக்கின்றன என்றால், முதற்கப்பலின் கையாளும் நேரத்தை மூன்று கப்பல்களும் சுமக்கின்றன, இரண்டாவதன் நேரத்தை இரண்டு கப்பல்கள் சுமக்கின்றன, கடைசிக் கப்பலின் நேரத்தை அது மட்டுமே சுமக்கிறது. எனவே ஒரு கப்பல் கடைசியிலிருந்து எண்ணும்போது எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ, அத்தனை மடங்காக அதன் கையாளும் நேரம் மொத்தத் தொகையில் சேரும். இந்த ஒரு கவனிப்பு கணக்கின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு தளத்தையும் 'கடைசி இடம், கடைசிக்கு முந்தைய இடம்' என இடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கப்பலையும் ஏதேனும் ஓர் இடத்தில் அமர்த்த எவ்வளவு செலவாகும் என்பதை அட்டவணையாக எழுதிவிட்டால், எஞ்சுவது பள்ளி வணிகக் கணிதப் பாடத்திலேயே இடம்பெறும் ஒதுக்கீட்டுக் கணக்கு மட்டுமே. ஹங்கேரியக் கணித அறிஞர்களான கோனிக், எகர்வாரி ஆகியோரின் முடிவுகளை அடித்தளமாகக் கொண்டு ஹாரோல்ட் கூன் 1955-இல் அமைத்துத் தந்த ஹங்கேரியன் முறை, இத்தகைய அட்டவணையை, கப்பல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், கணினியில் மிக விரைவாகத் தீர்த்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர் அகியோ இமாயும் அவருடன் பணியாற்றியோரும் 1997-இலும் 2001-இலும் வெளியிட்ட ஆய்வுகள் தள ஒதுக்கீட்டை இவ்வகையில் முறைப்படுத்தி, பின்வந்த ஆய்வுகளுக்கு அடிப்படை அமைத்தன.

வெற்றுத் தளம் ஆதாயமாகும் நிலை

நடைமுறையில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதுவே 'இயங்கு தள ஒதுக்கீடு'. முன்சொன்ன கணக்கிலேயே பெரிய கப்பல் இப்போது நிற்கிறது என்றும், சிறிய கப்பல் இன்னும் 2 மணி நேரத்தில் வரும் என்றும் மாற்றிக்கொண்டால், விடை வியப்பளிக்கிறது. முந்தி வந்ததற்கு முதலிடம் என்ற வழக்கப்படி பெரியதை உடனே தளத்தில் கட்டினால், அது துறைமுகத்தில் கழிக்கும் நேரம் 20 மணி, சிறியது கழிக்கும் நேரம் 22 மணி, மொத்தம் 42. தளத்தை 2 மணி நேரம் வெறுமனே விட்டுவைத்துச் சிறியதை முதலில் எடுத்தால், சிறியது 4 மணி நேரமும் பெரியது 26 மணி நேரமும் கழிக்க, மொத்தம் 30 ஆகக் குறைகிறது. வாசலில் ஒரு கப்பல் நிற்கும்போது தளத்தைக் காலியாக வைப்பதே உகந்த தீர்வாகும் இந்நிலையில், வரிசையில் ஓர் இடத்துக்கு இவ்வளவு செலவு என்று முன்கூட்டியே அட்டவணையில் எழுத இயலாது. இடையில் விழும் வெற்று நேரம், யாருக்குப் பின் யார் வருகிறார் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. எளிய ஒதுக்கீட்டுக் கணக்கு இங்கே உடைகிறது.

உடைந்தபின் எஞ்சுவது, எண்ணிக்கை பெருக்கெடுக்கும் கணக்கு. ஒரே தளத்தில் 20 கப்பல்களை வரிசைப்படுத்தும் வழிகள் ஏறத்தாழ 24,000 கோடி கோடி. நொடிக்கு 100 கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணினிக்கும் அனைத்தையும் பார்த்து முடிக்க 77 ஆண்டுகள் ஆகும். கரைச்சுவரைத் தனித்தனித் தளங்களாகக் கூறுபோடாமல், நெடுஞ்சுவரின் எந்த இடத்திலும் கப்பலைக் கட்டலாம் என்று விட்டால் நெகிழ்ச்சி கூடும், கூடவே சிக்கலும் கூடும். அப்போது கிடைமட்டத்தில் சுவரின் நீளத்தையும் செங்குத்தாக நேரத்தையும் குறித்து வரையும் படத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு செவ்வகமாகிறது. அதன் அகலம் கப்பலின் நீளமும் பாதுகாப்பு இடைவெளியும் சேர்ந்தது, உயரம் கையாளும் நேரம். செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் அனைத்தையும் அடுக்க வேண்டும். எந்த இரு கப்பல்களை எடுத்தாலும், ஒன்று மற்றொன்றின் இடப்புறம், வலப்புறம், முன்பு, பின்பு என்னும் நான்கில் ஏதேனும் ஒன்று உண்மையாக வேண்டும்; 20 கப்பல்களுக்கு இத்தகைய இணைகள் 190. சிங்கப்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ லிம் 1998-இல் இக்கணக்கின் ஒரு வடிவத்தை வரைபுக் கோட்பாட்டின் துணையுடன் ஆராய்ந்து, கப்பல்கள் வரும் நேரமும் போகும் நேரமும் முன்பே தெரிந்திருந்து இடத்தை மட்டும் தீர்மானிப்பதாக இருந்தாலும், எல்லா நேர்வுகளிலும் விரைவாகத் தீர்க்கும் வழிமுறை அறியப்படாத கடினக் கணக்குகளின் இனத்தைச் சேர்ந்தது அது என்று நிறுவினார்.

கடினம் என்பதால் கைவிடத் தேவையில்லை. அய்ல்சா லேண்டும் அலிசன் டோய்க்கும் 1960-இல் வெளியிட்ட 'கிளைத்து வரையறுத்தல்' முறை, வழிகளைக் கிளைகளாகப் பிரித்து, ஒரு கிளையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விடையும் ஏற்கெனவே கையில் உள்ள விடையைவிட மோசமானது என்று தெரிந்தவுடன் அக்கிளையை முழுமையாக வெட்டிவிடுகிறது. கோடிக்கணக்கான வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமலேயே அவற்றைத் தள்ளிவிட இது வகைசெய்கிறது. இதற்கு மாறாக, ஃபிரெட் குளோவர் 1986-இல் பெயரிட்ட 'தடைத் தேடல்' முறை, கையில் உள்ள திட்டத்தில் ஒரு கப்பலை இடம்மாற்றிச் சற்று நல்ல திட்டத்தைத் தேடியவாறு, அண்மையில் செய்த மாற்றங்களைத் திரும்பச் செய்யாதபடி தடைசெய்து, ஒரே வட்டத்தில் சுழல்வதைத் தவிர்க்கிறது. இது நல்ல விடையை விரைவில் தரும். அதுவே மிகச் சிறந்தது என்ற உறுதியைத் தராது.

ஜோயா டாவ்ரோ

இவ்விரு வழிகளும் சந்தித்த களம் இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா கரையில் உள்ள ஜோயா டாவ்ரோ துறைமுகம். 1995-இல் பெட்டக முனையமாக இயங்கத் தொடங்கிய அத்துறைமுகம், பெருங்கப்பல்களில் வரும் பெட்டகங்களை இறக்கிச் சிறு கப்பல்களில் ஏற்றி மத்தியதரைக்கடல் துறைமுகங்களுக்கு அனுப்பும் பரிமாற்ற நிலையம் என்பதால், உள்நாட்டுச் சரக்கைவிடக் கப்பலுக்குக் கப்பல் மாறும் சரக்கே அங்கே மிகுதி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கரைச்சுவரில் கப்பல் எங்கே கட்டப்படுகிறது என்பது, பெட்டகத்தைத் தன் நெடுங்கால்களுக்கிடையே தூக்கிச் செல்லும் ஊர்திகள் அடுக்கு முற்றம் வரை எவ்வளவு தொலைவு ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே, ஒரே கப்பலைக் கையாள ஒரு தளத்தில் ஒரு நேரமும் வேறொரு தளத்தில் வேறு நேரமும் ஆகிறது.

கார்டோ, லாபோர்ட், லெகாட்டோ, மோக்கியா ஆகிய நால்வரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இத்துறைமுகத்தின் தரவுகளை அடியொற்றிச் சோதனைக் கணக்குகளை அமைத்தனர். அவர்கள் கையாண்ட உத்தி நுட்பமானது: தளத்தை ஓர் ஊர்தியாகவும் கப்பல்களை அது ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று காணும் வாடிக்கையாளர்களாகவும் கருதினால், தள ஒதுக்கீடு, நன்கு ஆராயப்பட்ட ஊர்தி வழியமைப்புக் கணக்காக மாறிவிடுகிறது, கடலில் நகர்ந்து வருவது கப்பல்தான் என்றாலும் கணக்கில் நகர்வது தளம். அவர்களுடைய தடைத் தேடல், 60 கப்பல்களும் 13 தளங்களும் கொண்ட கணக்குகளுக்கு நல்ல விடைகளைக் கண்டது. ஆனால் அவ்விடைகள் மிகச் சிறந்த விடைக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்பது அப்போது திறந்த கேள்வியாகவே நின்றது. பின்னர், ஒரு கப்பலை ஒரு தளத்தில் ஒரு நேரத்தில் வைக்கும் ஒவ்வொரு சாத்தியத்தையும் தனித்தனி நிரலாக எழுதி, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரே ஒரு நிரலைத் தேர்ந்தெடுக்கும் மாதிரியை ஆய்வாளர்கள் கையாண்டபோது, அதே கணக்குகள் மிகச் சிறந்த விடை என்ற சான்றுடன் தீர்க்கப்பட்டன. 2011-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு இதை உறுதிசெய்தது. கணினியின் வேகம் கூடியது ஒரு காரணம் என்றாலும், கணக்கை எழுதிய விதம் மாறியதே முதன்மையான காரணமாகும்.

கிரேனும் நீரேற்றமும்

கையாளும் நேரத்தை முன்பே அறிந்த எண்ணாகக் கொள்வதும் ஒரு சுருக்கமே. ஒரு கப்பலுக்கு எத்தனை கிரேன்கள் தரப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அந்நேரம் அமைகிறது. கிரேன்கள் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால் ஒன்றை ஒன்று தாண்டிச் செல்ல முடியாது, நெருங்கி நின்றால் ஒன்றன் வேலைக்கு மற்றொன்று இடையூறாகும், ஆகையால் கிரேன்களை இரட்டிப்பதால் நேரம் சரிபாதியாகிவிடாது. தளத்தையும் கிரேனையும் ஒருசேரத் திட்டமிடும் மாதிரிகள் இக்காரணத்தால் தோன்றின. நீரேற்றமும் கணக்கில் சேரும்: பிரேசிலின் சாவ் லூயிஸ் போன்ற, கடல்மட்டம் நாளில் இருமுறை பல மீட்டர் ஏறி இறங்கும் துறைமுகங்களில், கனிமச் சரக்கு நிறைந்த கப்பல் நீர் உயர்ந்திருக்கும் குறுகிய நேரத்தில் மட்டுமே வெளியேற முடியும் என்பதால், ஒரு மணி நேரத் தாமதம் அடுத்த ஏற்றம் வரையிலான அரைநாள் தாமதமாக வளர்ந்துவிடும்.

வருகை பொய்த்தால்

இதுவரை சொன்ன கணக்குகள் அனைத்தும் கப்பல் சொன்ன நேரத்தில் வரும் என்று நம்புகின்றன. தளத்தை வெறுமனே வைத்த கணக்கில், சிறிய கப்பல் 2 மணி நேரத்துக்குப் பதிலாக 10 மணி நேரம் கழித்து வந்தால், காத்திருந்த திட்டத்தின் மொத்தம் 38 ஆகவும், காத்திராமல் பெரியதை உடனே கட்டியிருந்தால் மொத்தம் 34 ஆகவும் அமையும். கணக்கிட்டுப் பார்த்தால், சிறிய கப்பல் 8 மணி நேரத்துக்குள் வரும் என்ற நம்பிக்கை இருக்கும் வரைதான் காத்திருப்பு ஆதாயம் தரும். 2023 நவம்பரில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரத் தொடங்கியபோது, கால அட்டவணைகள் குலைந்து கப்பல்கள் கூட்டமாக வந்துசேர, 2024 மே மாத இறுதியில் சிங்கப்பூரில் பெட்டகக் கப்பல்கள் தளத்துக்காகச் சராசரியாக இரண்டு மூன்று நாள்கள் காத்திருக்க நேர்ந்தது. கைவிடப்பட்டிருந்த கெப்பல் முனையத்தின் பழைய தளங்களும் முற்றங்களும் மீண்டும் திறக்கப்பட்டன. உலகின் மிகத் திறமையான துறைமுகங்களுள் ஒன்றில் இவ்வாறு நேர்ந்தது என்பது, வருகை நேரத்தின் நிச்சயமின்மையையும் கணக்கின் உள்ளே கொண்டுவர வேண்டியதன் தேவையைக் காட்டுகிறது.

அதற்கான வழிகளுள் ஒன்று, இரு கப்பல்களுக்கிடையே வேண்டுமென்றே இடைநேரம் விடுவது. மற்றொன்று, திட்டம் மாறுவதற்கே ஒரு செலவு வைப்பது. அமெரிக்கக் கடற்படையின் சான் டியாகோ நீர்மூழ்கித் தளத்துக்காக 1997-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகச் செய்தது: ஒரு சிறு தாமதத்துக்காகக் கணினி முழுத் திட்டத்தையும் கலைத்துப் புதிதாக அடுக்கினால், அணுசக்தி நீர்மூழ்கிகளை இடம்மாற்றும் செலவும் ஆபத்தும் கூடும் என்பதால், முன்பே ஒப்புதல் பெற்ற திட்டத்திலிருந்து விலகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறிக்கோள் சார்பில் தண்டம் சேர்க்கப்பட்டது. பழைய திட்டத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதைத் தளமேலாளர் உணர்ந்திருப்பார். எழுதிக் கொடுக்காதவரை கணினிக்கு அது தெரியாது.

விதியின் விலை

முந்தி வந்ததற்கு முதலிடம் என்னும் விதி, கப்பல்கள் சொன்ன நேரத்தில் வந்த கணக்கில் தோற்றது. ஆயினும் துறைமுகங்கள் அதை எளிதில் கைவிடாததற்கு நியாயம் உண்டு. சிறிய கப்பல்களையே எப்போதும் முன்னே விட்டால், பெருங்கப்பல் முடிவின்றிக் காத்திருக்கலாம்; எடையைப் பெரியவற்றுக்குக் கூட்டினால், சிறு நிறுவனங்களின் கப்பல்கள் எப்போதும் பின்தள்ளப்படும். விதி எல்லாருக்கும் புரிவதும், யாரும் கெஞ்சியோ வற்புறுத்தியோ அதை வளைக்க முடியாதிருப்பதும் வணிகத்துக்கு மதிப்புள்ளவை.

ஆனால் விதி கப்பல்களின் நடத்தையையும் மாற்றுகிறது. துறைமுகத்தை நெருங்கும்போதே வரிசையில் இடம் கிடைக்கும் என்றால், முழு வேகத்தில் விரைந்து வந்து நங்கூரமிட்டுக் காத்திருப்பதே மாலுமித் தலைவருக்கு அறிவுடைமை. கப்பல் ஒரு மணி நேரத்தில் எரிக்கும் எரிபொருள் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயர்வதால், வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அதே தொலைவுக்கு ஏறத்தாழ 19 சதவீதம் எரிபொருள் மிச்சமாகும். விரைந்து வந்து காத்திருக்கும் கப்பல் இதை வீணாக்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே கப்பல்கள் குவிந்து கிடந்த 2021-இல், நவம்பர் மாதம் அந்த வரிசைமுறை மாற்றப்பட்டது: முந்தைய துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட நேரத்தை வைத்துக் கணக்கிட்ட வருகை நேரமே இடத்தைத் தீர்மானிக்கும் என்றானதும், கப்பல்கள் கரைக்கருகே நெருக்கியடித்து நிற்காமல் மெதுவாக வரவும் தொலைவில் காத்திருக்கவும் வழி பிறந்தது. ஒரு தளமும் கூடுதலாகக் கட்டப்படாமல், இடம் எப்போது உறுதியாகிறது என்பதை மட்டும் மாற்றியதன் விளைவு இது.

தள ஒதுக்கீட்டில் கணித உகப்பாக்கத்தின் மெய்யான பயன் இங்கே தெரிகிறது. ஒரே வாரத்தின் கப்பல் பட்டியலை, ஒருமுறை விதியுடனும் மறுமுறை விதியின்றியும் கணினியில் தீர்த்தால், இரு விடைகளின் வேறுபாடே அவ்விதியின் விலை. இவ்வுரையின் சிறு கணக்கில் முந்தி வந்ததற்கு முதலிடம் தந்ததன் விலை 42-க்கும் 30-க்கும் இடைப்பட்ட 12 கப்பல்-மணி. விலை தெரிந்த பிறகும் துறைமுகம் அவ்விதியையே வைத்துக்கொள்ளலாம். எந்தக் கப்பலும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்துப் பாதி விலையில் பாதி நியாயத்தைப் பெறவும் முயலலாம். எத்தேர்வைச் செய்தாலும், எடைகளும் காத்திருப்பின் உச்சவரம்பும் கப்பல் முகவர்கள் அறியும்படி அச்சில் இருந்தால், ஏன் எங்கள் கப்பல் வெளியே நிற்கிறது என்று கேட்பவருக்குத் துறைமுகம் ஓர் எண்ணைக் காட்டி விடைசொல்ல முடியும். அந்த எண் தவறு என்று வாதிடும் உரிமையும் அதனாலேயே அவருக்குக் கிடைக்கிறது.